அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஆடியோ செட்டை நம் ஊர் கரண்டில் எப்படி ஓட்டுவது?

போன மாசி மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து மாமா போன் செய்தார். நாற்பது வருடம் நியூ ஜெர்சியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கன்டெய்னரில் வந்து இறங்கிய வீட்டுச் சாமான்களோடு அவருடைய பழைய ஆடியோ செட்டும் வந்திருந்தது: 1970-களின் மராண்ட்ஸ் ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தது), 1960-களின் தோரன்ஸ் டிடி 150 டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றுவது), ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர்.

“மாப்ளே, டர்ன்டேபிளுக்கு 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டேன். ஓடுது. ஸ்ட்ரோப் தட்டு வச்சுப் பார்த்தேன், ஸ்பீடும் கரெக்டா நிக்குது. ஆனா ரெக்கார்டுல பாடுறது அந்த அம்மா மாதிரியே இல்ல. யாரோ ஆம்பளை பாடுற மாதிரி இருக்கு.”

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஸ்ட்ரோப் தட்டு என்பது வேகம் பார்க்க டர்ன்டேபிள் மேல் வைக்கும் கோடு போட்ட வட்டத் தட்டு; மின்னும் விளக்கின் கீழே கோடுகள் அசையாமல் நின்றதுபோலத் தெரிந்தால் வேகம் சரி. சோக்கு வைத்த பழைய டியூப் லைட்டின் கீழே ஸ்ட்ரோப் தட்டின் கோடுகள் அசையாமல் நின்றன. பாட்டு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஓரத்தில் 60 என்று அச்சிட்டிருந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற எல்.பி. வேகத்துக்கான வளையத்தில் 216 கோடுகள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலை; அலைக்கு இரண்டு தடவையாக விளக்கு நொடிக்கு 120 தடவை மின்னும். அந்த வெளிச்சத்தில் 33⅓ வேகத்துக்கு 216 கோடுகள் நின்றதுபோலத் தெரியும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ், விளக்கு மின்னுவது 100 தடவை. இங்கே அதே 216 கோடுகள் நிற்க வேண்டுமானால் தட்டு நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் சுற்ற வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகும். 33⅓-இல் ஆறில் ஐந்து பங்கு அதே 27.8. அளக்கிற கோலும் அளக்கப்படுகிற துணியும் ஒரே கணக்கில் சுருங்கிவிட்டதால் மாமாவுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. நம் ஊருக்கு வேண்டியது 180 கோடு போட்ட தட்டு.

ஆறில் ஐந்து என்றால் சுருதியில் எவ்வளவு போகும்? ஹார்மோனியத்தில் வெள்ளையும் கறுப்பும் சேர்த்து எண்ணினால் மூன்று கட்டைக்குக் கொஞ்சம் கூடவே இறங்கும். ஐந்தரைக் கட்டையில் பாடுகிற பெண்குரல் நாலு கட்டைக்கும் கீழே போய்விடும். இருபது நிமிட எல்.பி. பக்கம் 24 நிமிடம் ஓடும். மாமா காதால் கண்டுபிடித்தது சரி, கண்தான் ஏமாந்தது.

வெளிநாட்டிலிருந்து பழைய செட் கொண்டுவரும் யாரும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். வோல்டேஜ் வேறு, ஹெர்ட்ஸ் வேறு. வோல்டேஜைக் குறைக்க இரும்பும் செம்பும் போதும். ஹெர்ட்ஸை எந்த டிரான்ஸ்ஃபார்மரும் மாற்றாது. அதனால் கடைக்குக் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கரண்டின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற மோட்டார் இதற்குள் இருக்கிறதா? இல்லை என்றால் கவலை பாதியாகிவிடும். இருந்தால், வாங்கப்போகும் ஸ்டெப்-டவுன் உங்கள் பிரச்சினையில் பாதியைத்தான் தீர்க்கும்.

முதலில் ரிசீவர்

பின்பலகையில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தது. அதே காலத்து ஏற்றுமதி மாடல்கள் பலவற்றில் பின்னால் ஒரு செலக்டர் இருக்கும்: 110, 120, 220, 240. அப்படி இருந்தால் அதிர்ஷ்டம். 240-இல் வைத்து, ஃபியூஸையும் முன்பு இருந்ததில் பாதி ஆம்பியருக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. நம்முடையது கடற்காற்று ஊர் என்பதால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: செலக்டரின் பித்தளைக் கால்கள் பச்சை பூத்திருக்கும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பத்துத் தடவை முன்னும் பின்னும் திருப்பிய பிறகே நம்ப வேண்டும்.

சிலவற்றில் செலக்டர் இருக்காது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் 120 வோல்ட் பிரைமரி (லைன் கரண்ட் நுழையும் காயில்) இரண்டு இருக்கும். அமெரிக்காவுக்குப் போனவற்றில் அவற்றைப் பேரலலாகக் கட்டியிருப்பார்கள். சீரிஸாக மாற்றினால் 240. சர்வீஸ் மேனுவலில் அந்தப் படம் இருந்து, கையில் நல்ல மெக்கானிக்கும் இருந்தால் இதுவே எல்லாவற்றிலும் சிறந்த வழி. இரண்டு காயிலும் ஒரே திசையில் சேர வேண்டும். ஒன்றின் தலையும் வாலும் மாறினால் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரிதான்.

மாமாவின் ரிசீவரில் இரண்டுமே இல்லை. ஒரே ஒரு 120 வோல்ட் பிரைமரி. ஆகவே வெளியே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி. அதில் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரா, பிரைமரியும் செகண்டரியும் (கரண்ட் வெளியே போகும் காயில்) தனித்தனியாக வைத்த ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரா என்பது அடுத்த கேள்வி.

கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது பெரும்பாலும் ஆட்டோ வகை. எடை குறைவு, விலையும் குறைவு. ஒரே காயிலிலிருந்து நடுவில் ஒரு வயரை இழுத்து 110 எடுக்கிறார்கள். அதன் குறை என்னவென்றால் உள்ளே வரும் லைனும் வெளியே போகும் லைனும் ஒட்டியே இருக்கின்றன. கீழ்ப்பாதிக் காயில் அறுந்துபோனால் 230 நேராகச் செட்டுக்குப் பாயும். ஐசொலேஷன் வகையில் அந்தப் பயம் இல்லை. கனமும் செலவும் கூடும், தூக்கினால் கை இறங்கும். ரிசீவருக்குள்ளேயே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் ஆட்டோ வகை போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. தப்பில்லை. ஆனால் ஐம்பது வருடப் பொருளுக்கு முன்னால் நிற்கிற காவல்காரன் இந்த வெளி டிரான்ஸ்ஃபார்மர். நான் ஐசொலேஷன் பக்கம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. காயில் கட்டும் கடையில் சொல்லிச் செய்தால் வேண்டிய வோல்டேஜில் டேப் (காயிலின் நடுவிலிருந்து இழுக்கும் வயர்) எடுத்துக்கொள்ளலாம். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த செட்டுக்கு இது ரொம்ப முக்கியம். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் ஓடும் காந்தப் பாய்வு, வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்தால் வருகிற எண்ணைப் பொறுத்தது. 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. அதே 120-ஐ 50-ஆல் வகுத்தால் 2.4, அதாவது இருபது சதவீதம் கூடுதல். கோர் அதைத் தாங்காமல் சூடாகும், உர்ர் என்று முனகும். 100-ஐ 50-ஆல் வகுத்தால் பழையபடி 2. ஆக, இந்த ஊரில் இந்தச் செட்டுக்கு நிம்மதியான வோல்டேஜ் 120 இல்லை, 100. பதிலுக்கு ஆம்ப்ளிஃபயரின் உச்ச சக்தி முப்பது சதவீதம் போலக் குறையும். வீட்டு ஹாலில் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

100, 105, 110 என்று மூன்று டேப் கேட்டுக் கட்டி வாங்கினோம். வி.ஏ. அளவை, அதாவது டிரான்ஸ்ஃபார்மர் தாங்க வேண்டிய சக்தியை, பின்பலகையில் போட்டிருந்த வாட்டைப்போல இரண்டு மடங்காகச் சொன்னேன். முதலில் 100-இல் ஒரு மணி நேரம், பிறகு 105-இல் ஒரு மணி நேரம் ஓட்டி ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் மூடி மேல் கை வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் வெதுவெதுப்புதான். 110-க்குப் போட்டதும் காதை மூடியருகே வைத்தால் முனகல் கேட்டது. 105-இலேயே நிறுத்திவிட்டோம். பின்பலகையில் 50/60 என்று இரண்டும் அச்சிட்டிருந்தால் இவ்வளவு பார்க்க வேண்டாம், 115 கொடுத்தாலும் தாங்கும்.

ரிசீவரின் உள் டிரான்ஸ்ஃபார்மரையே பிரித்து 230-க்கு மறுபடி காயில் கட்டலாமே என்று ஒருவர் சொன்னார். மோட்டாருக்கும் ஸ்டெபிலைசருக்கும் காயில் கட்டுவதில் நம் ஊர்க் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் வார்னிஷில் ஊறி இறுகிய பழைய டிரான்ஸ்ஃபார்மரில் நாலைந்து செகண்டரி இருக்கும். ஒரு கணக்குப் பிசகினால் திரும்பி வராது. எரிந்துபோனதற்கு மட்டும் அந்த வைத்தியம்.

ஹேர் டிரையருக்கு விற்கிற உள்ளங்கை அளவு கன்வெர்ட்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். 1000 வாட் தாங்கும் என்று சொல்லி வெளியூர்க் கடை ஒன்றில் பல வருடம் முன் எனக்கு விற்றார்கள். அதில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. கரண்டின் அலையை அங்கங்கே வெட்டி அனுப்புகிறது, அவ்வளவுதான். கம்பி சூடாகிற சாமானுக்கு அது போதும். என் டேப் டெக் ஒரு நிமிடம் கதறிவிட்டு ஃபியூஸைக் காவு கொடுத்தது. ஃபியூஸோடு போனது என் நல்ல காலம்.

எந்த வழியாக இருந்தாலும் முதல் தடவை நேராக லைனில் சொருகக் கூடாது. பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு வேண்டும்: 100 வாட் குண்டு பல்பு ஒன்று, அதற்குத் தொடராகச் செட். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்று நின்றால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிடலாம், செட் பிழைக்கும்.

டர்ன்டேபிளுக்கு வந்தால்

இங்கேதான் நேரம் எடுத்து யோசிக்க வேண்டும். முதலில் உங்களுடையது எந்த ஜாதி மோட்டார் என்று பாருங்கள். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரி டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றுவது) என்றால் உள்ளே கரண்டை டி.சி.யாக்கி, வேகத்தை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. வோல்டேஜை மட்டும் சரி செய்தால் போதும். பெல்ட் டிரைவிலும் டி.சி. மோட்டார் உண்டு. டிடி 150-இல் இருப்பதோ 16 காந்த முனைகள் வைத்த சிங்க்ரனஸ் மோட்டார், அதாவது கரண்டின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற வகை. 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 450 சுற்று, 50-இல் 375. வோல்டேஜை ஏற்றினாலும் இறக்கினாலும் இந்த எண் மாறாது. பிடிவாதமான மோட்டார், அதுதான் அதன் பெருமையும்.

மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் உரசிச் சுற்றும் ஐட்லர் சக்கரம் வைத்த லென்கோ எல்75 யாரிடமாவது இருந்தால் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அதன் மோட்டார் தண்டு கூம்பு வடிவம். ஐட்லரைத் தண்டின் பருத்த பக்கம் நகர்த்தினாலே வேகம் ஏறும். நிறுத்தக் கொக்கிகளை இடம் மாற்றி வைத்தால் வேலை முடிந்தது. காரார்ட் 301-க்கு 50-க்கும் 60-க்கும் தனித்தனிப் புல்லி (மோட்டார் தண்டில் மாட்டும் சக்கரம்) செய்தே விற்றார்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல்களும் ஒரு வகையில் வசதி. அந்த நாட்டில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. 1890-களில் ஒரு ஊர் ஜெர்மன் ஜெனரேட்டரும் இன்னொரு ஊர் அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கியதன் விளைவு. ஒரே நாட்டுக்குள் இரண்டுக்கும் விற்க வேண்டியிருந்ததால் 50-க்கு மாறும் வழியை அவர்களே யோசித்து வைத்திருப்பார்கள். 100 வோல்ட் மட்டும் நாம் கொடுக்க வேண்டும்.

டிடி 150-க்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று: 50 ஹெர்ட்ஸ் புல்லி போடுவது, 60 ஹெர்ட்ஸை நாமே உண்டாக்கிக் கொடுப்பது, மோட்டாரையே கழற்றி டி.சி. மோட்டார் வைப்பது.

மூன்றாவதை முதலிலேயே தள்ளிவிட்டேன். டி.சி. மோட்டார் நல்லதாகவே ஓடலாம். ஆனால் அதற்காகப் பிளேட்டில் ஓட்டை போட வேண்டிவரும். ஐம்பது அறுபது வருடம் பத்திரமாக இருந்த பொருளில் திரும்ப மூட முடியாத ஓட்டை போட எனக்கு மனசு வராது.

60 ஹெர்ட்ஸை உண்டாக்குவது அழகான வழி. டர்ன்டேபிளைத் தொடவே வேண்டாம். தாளம் தவறாத கிரிஸ்டலிலிருந்து 60 ஹெர்ட்ஸ் சைன் அலை (வழவழப்பாக ஏறி இறங்கும் அலை) எடுத்து, சின்ன ஆம்ப்ளிஃபயரில் பெருக்கி, டிரான்ஸ்ஃபார்மரில் 110 வோல்ட்டுக்கு ஏற்றி மோட்டாருக்குக் கொடுப்பது. இதற்கென்றே செய்த பெட்டிகள் வெளிநாட்டில் விற்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த பிள்ளைகள் வீட்டிலேயே செய்துவிடுவார்கள். மோட்டார் குடிப்பது சில வாட்தான். இன்னொரு வசதி: பெல்ட்டை இடம் மாற்றாமல் 81 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 45 வேகம் வந்துவிடும். சுருக்கு வழியும் ஒன்று இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தரும் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர். பியூர் சைன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். படிக்கட்டு அலை தருகிற மலிவு இன்வெர்ட்டரில் மோட்டார் வண்டு மாதிரி ரீங்கரிக்கும், அது ஊசி வழியாக ஸ்பீக்கருக்கும் வரும். ஃபேன் சத்தமும் இருக்கும். அடுத்த அறையில்தான் வைக்க வேண்டும்.

இந்த வழிக்கு நம் ஊரில் ஒரு தனி மதிப்பு உண்டு. லைன் கரண்டின் ஹெர்ட்ஸ் இப்போதெல்லாம் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள், காதுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் கரண்ட் போய் அடுக்குமாடி ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் 51, 52 என்று ஏறும். பாட்டும் கூடவே ஏறும். கச்சேரி நடுவில் பாடகரும் வயலினும் தம்பூராவும் ஒன்றாகச் சுருதி மாறுவதைக் கேட்டால் அடிவயிறு கலங்கும். சொந்தமாக 60 ஹெர்ட்ஸ் வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இருந்தும் மாமா புல்லிக்கே போனார். தனி வீடு, ஜெனரேட்டர் இல்லை. இன்னொரு பெட்டி, இன்னொரு பேட்டரி, அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என்று எழுபது வயதில் எதற்கு என்றார். எனக்கும் சரி என்று பட்டது. ஐரோப்பாவிலும் விற்ற மாடல் என்பதால் இதற்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி இருக்கிறது. வரவழைக்க நாளாகும் என்பதால், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து பார்த்தோம்.

முதல் புல்லி தப்பாகிவிட்டது. வேகம் ஆறில் ஐந்தானதால் விட்டத்தை 1.2-ஆல் பெருக்கினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். புது ஸ்ட்ரோப் தட்டில் கோடுகள் நொடிக்கு ஒன்று வீதம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தன. பெல்ட்டின் கனத்தை மறந்ததுதான் காரணம். உதாரணத்துக்குப் பழைய புல்லி 10 மில்லிமீட்டர், பெல்ட் 0.6 என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் உண்மையில் சுற்றும் விட்டம் 10.6. அதை 1.2-ஆல் பெருக்கினால் 12.72. பெல்ட்டைக் கழித்தால் புல்லி 12.12 இருக்க வேண்டும், 12 அல்ல. அந்த 0.12 மில்லிமீட்டர் ஏறக்குறைய ஒரு சதவீத வேகம். தம்பூராவோடு சேர்த்துக் கேட்பவர்களுக்கு அது தெரியும்.

இரண்டாவது புல்லியை லேத்காரர் ஒரே பிடிப்பில் கடைந்தார். ஓட்டையும் வெளிவிட்டமும் ஒரே பிடிப்பில் முடிய வேண்டும், கழற்றி மறுபடி மாட்டினால் மையம் விலகும் என்று அவரே சொன்னார். நான் சொல்ல நினைத்ததும் அதுதான். மோட்டார் நொடிக்கு ஆறு தடவைக்கு மேல் சுற்றுவதால், மையம் முடியளவு விலகினாலும் கார்வை பிடிக்கும் இடத்தில், அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் இடத்தில், குரலில் நடுக்கம் வந்துவிடும். நடுவில் லேசாக மேடு வைத்துக் கடைந்ததால் பெல்ட்டும் வழுவாமல் நிற்கிறது.

வோல்டேஜ் இங்கேயும் 100 டேப்தான். 50 ஹெர்ட்ஸில் மோட்டார் காயில் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். 100-இல் சூடும் குறைந்தது, அதிர்வும் குறைந்தது.

ஸ்ட்ரோப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எல்.இ.டி. பல்பின் கீழ் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஒழுங்காக மின்னுவதில்லை. நியான் இண்டிகேட்டர் அல்லது மாமா வீட்டில் இருப்பது மாதிரி சோக்கு டியூப் லைட் வேண்டும்.

ஸ்பூல் டேப், அப்புறம் பிரெஞ்சு ரேடியோ

டேப் ரெக்கார்டரில் அதே கதைதான், அளவு பெரிது. 7½ அங்குல வேகத்தில் நொடிக்கு 19.05 சென்டிமீட்டர் ஓட வேண்டிய டேப் 15.9 ஓடும். ரீல் மோட்டார்களுக்கு வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும். டேப்பை இழுக்கும் தண்டைச் சுற்றுகிற கேப்ஸ்டன் மோட்டார்தான் சிக்கல். சில டெக்குகளில் 50/60 சுவிட்சும் மாற்றுப் புல்லியும் கூடவே கொடுத்திருப்பார்கள். 1967-இல் வந்த ரெவாக்ஸ் ஏ77-இல் கேப்ஸ்டன் வேகத்தை சர்வோ (வேகத்தை அளந்து தானே திருத்தும் எலக்ட்ரானிக்ஸ்) பார்த்துக்கொள்வதால் ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டே இல்லை. இனிமேல்தான் வாங்கப்போகிறேன் என்பவர்கள் அப்படிப்பட்டதைத் தேடுவதே மேல். மாமாவுடையதில் இந்த வசதி எதுவும் இல்லை. கேப்ஸ்டன் மோட்டாரின் ஃபேஸ் கெபாசிட்டரையும் மாற்ற வேண்டிவரும். டேப்புகளில் இருப்பது அவர் பிள்ளைகளின் மழலை. அவற்றை ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் போதும் என்கிறார். அதற்குப் பியூர் சைன் இன்வெர்ட்டர் ஒன்றை இரவல் வாங்கியே செய்துவிடலாம். வேகம் குறைந்தபடியே பதிவு செய்து கம்ப்யூட்டரில் 1.2 மடங்காக்கினால் என்ன என்று கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் டெக்கின் ஈக்வலைசேஷன் (கீச்சு, கனம் இரண்டையும் சமன் செய்வது) சரியான வேகத்துக்குப் போட்ட கணக்கு. கீச்சுப் பகுதி கொஞ்சம் பிசகும். மழலைக் குரலுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

புதுச்சேரிக்காரர்கள் கையில் அமெரிக்கச் சாமானைவிட அடிக்கடி சிக்குவது பிரெஞ்சு வால்வு ரேடியோ. சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள்) வீடுகளிலிருந்து சண்டே மார்க்கெட்டுக்கு வருகிறவை. இவற்றில் ஹெர்ட்ஸ் பிரச்சினையே இல்லை, பிரான்சும் 50 தான். வோல்டேஜ்தான் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே ஓர் ஊரில் 110, இன்னோர் ஊரில் 127, வேறோர் ஊரில் 220 என்று இருந்ததால் பின்னால் செலக்டர் வைத்தார்கள். பல ரேடியோக்களில் ஃபியூஸே செலக்டர்; எந்த எண்ணுக்கு எதிரே ஃபியூஸைச் சொருகுகிறோமோ அதுதான் வோல்டேஜ். 110-இல் சொருகியிருப்பதைப் பார்க்காமல் போட்டால் அன்றே கருகும். 220-இல் இருந்தாலும் நம் லைனில் 240 வரும் நேரத்தில் ஈ.எல்.84 வால்வின் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.9 போகும். 240 என்று ஓர் இடம் இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் 18 வோல்ட் சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை லைனுக்கு எதிர்த்திசையில் தொடராகச் சேர்த்தால் 240 என்பது 222 ஆகும். திசை மாறினால் 258 ஆகிவிடும். ரேடியோவை மாட்டும் முன் மீட்டரில் பார்த்துவிட வேண்டும்.

உள்ளே பவர் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ரேடியோ என்றால் மட்டும் நில்லுங்கள். அமெரிக்க ஐந்து வால்வு ரேடியோவில் ஹீட்டர்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள்: 12, 12, 12, 50, 35, கூட்டினால் 121 வோல்ட். சேசிஸ், அதாவது உள்ளிருக்கும் உலோக அடித்தட்டு, நேராக லைனோடு சேர்ந்திருக்கும். அதற்கு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் கூடவே கூடாது. ஐசொலேஷன்தான், அதில் பேரம் கிடையாது. வால்யூம் குமிழ் உடைந்து உலோகத் தண்டு வெளியே தெரிகிற ரேடியோவை ஒரு குழந்தை தொடுவதை நினைத்துப் பாருங்கள்.

ஐரோப்பாவிலிருந்து வரச் சொல்லியிருந்த புல்லி ஒரு மாதத்துக்குப் பிறகு வந்தது. லேத்காரர் கடைந்ததோடு பக்கத்தில் வைத்துக் காலிப்பரில் பார்த்தேன், வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர். வந்ததைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு லேத்காரருடையதையே ஓட்டுகிறோம். கழற்றிய 60 ஹெர்ட்ஸ் புல்லிக்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து டர்ன்டேபிளின் அடிப்பலகையில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். “60 ஹெர்ட்ஸ், அமெரிக்கா” என்று மேலே எழுதியது மாமா.